குதிகால் வித்தை

மெத்தைக் கடை மேனேஜர் அன்று காலை ஒரு சபதம் செய்தார். என்ன ஆனாலும் சரி, காரை விற்பதில்லை. சத்தமாகத்தான் செய்தார். ஆனால் குளியலறைக்குள், குழாயைத் திறந்துவிட்டுச் செய்தார்.

காரணம் அவர் மனைவி. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரில் யாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும், இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் அவள்தான் பிடித்துவிடுவாள். வீட்டில் அப்படிப் பிடித்துவிட எதுவும் பாக்கி இல்லை. எல்லாமே ஏற்கெனவே அவள் பிடியில்தான் இருந்தது.

வீடு மேட்டில், ஆஸ்பத்திரி பள்ளத்தில். நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. தினமும் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் மேனேஜர் கடைக்குப் போவார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை மிதித்து, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குவார். கிளட்சை விடுவார். உடனே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி கார் ஒரு உலுக்கு உலுக்கும். பக்கத்து சீட்டில் மனைவி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அன்று மை கண்ணில் ஆரம்பித்துக் காதில் போய் முடிந்தது.

“என்னங்க, இது காரா, கன்னுக்குட்டியா?”

“ரோடு சரியில்லம்மா.”

“ரோடு போன வாரம்தான் போட்டாங்க.”

“அதான். புது ரோடு. வண்டிக்கு இன்னும் பழகல.”

“நேத்தே சொன்னேன்ல, இதை வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்குவோம். கியரை அதுவே மாத்திக்குமாம்.”

“அதுவே மாத்திக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?”

மனைவி கைக்குட்டையால் காதைத் துடைத்தாள். “அதையும் யோசிச்சேன்” என்றாள்.

மேனேஜர் கியரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீட்டில் திரைச்சீலையின் நிறம் அவள் முடிவு. டிவியில் எந்தச் சேனல் என்பது அவள் முடிவு. அவர் தலையில் வகிடு எந்தப் பக்கம் என்பதும் அவள் முடிவு. கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது அந்தக் கியர் ஒன்றைத்தான். அதையும் கொடுத்துவிட்டு உட்கார முடியுமா?

அன்று சாயங்காலம் மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் தானாகவே இறங்கி வந்தார். அவருக்குத் தெருவில் ‘ரேஸ் சார்’ என்று பெயர். டிவியில் கார் பந்தயம் ஒன்றுகூட விடமாட்டார். அவரிடம் இருப்பதோ ஒரு ஸ்கூட்டர். அதையும் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

“சார், உங்க கார் குலுங்குறதுக்குக் காரணம் கார் இல்ல, உங்க கால்” என்றார்.

“என் காலுக்கு என்ன?”

“நீங்க கியரை இறக்குறப்போ இன்ஜின் மெதுவா சுத்துது. கிளட்சை விட்டதும் சக்கரம் ‘வேகமா வா’ன்னு அதைப் பிடிச்சு இழுக்குது. அந்த இழுபறிதான் குலுக்கல். சேர்றதுக்கு முன்னாடியே ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினை உசுப்பி விட்டுட்டா சண்டையே வராது.”

“வலது கால் பிரேக்குல இருக்குமே!”

“அங்கதான் சார் வித்தை. முன்பாதம் பிரேக்குலயே இருக்கணும். குதிகாலை மட்டும் சாய்ச்சு ஆக்ஸிலரேட்டரைத் தட்டணும். பந்தயக்காரங்க எல்லாரும் இப்படித்தான். கணக்கு ரொம்ப சுலபம். ஒரு காலை முக்காலும் காலுமா பிரிங்க. முக்கால் பிரேக்குக்கு, கால் ஆக்ஸிலரேட்டருக்கு.”

“இடது கால்?”

“கிளட்சுல.”

“கை?”

“ஒண்ணு கியர்ல, ஒண்ணு ஸ்டீரிங்ல.”

“வாய்?”

“வாயை மூடிக்கணும் சார்.”

“அது பழக்கம்தான்” என்றார் மேனேஜர்.

மறுநாளே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மூன்று செருப்புகளை வரிசையாக வைத்தார். நடுவில் பிரேக்காக இருந்தது மனைவியின் செருப்பு. அதை மிதிக்க முதலில் அவருக்குக் கால் வரவேயில்லை. பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மிதித்தார். மிதித்ததில் ஒரு தனி சுகமும் கண்டார்.

மனைவி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். “என்னங்க, கால்ல எறும்பு ஏறிடுச்சா?”

“ரத்த ஓட்டத்துக்கும்மா.”

“அப்ப கணுக்காலை விறைப்பா வைக்காதீங்க. முழங்காலைக் கொஞ்சம் உள்பக்கமா சாய்ச்சா குதிகால் தானா வெளியில திரும்பும்.”

சொன்னபடி செய்தார். திரும்பியது. ‘பாவம், எதுக்குன்னே தெரியாம சொல்லித் தர்றா’ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

கடையிலும் கால் சும்மா இருக்கவில்லை. மெத்தை வாங்க வந்த ஒருவரிடம், அதே மெத்தையில் உட்கார்ந்தபடி அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் மெத்தையைப் பற்றிப் பேச, கால் தன் போக்கில் வெட்டி வெட்டி இழுத்தது. வந்தவர் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார். “இதுல படுத்தா எல்லாருக்குமே காலு இப்படித்தான் இழுக்குமா?” என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு விடியற்காலையில் காரையே காலி மைதானத்துக்கு ஓட்டிப் போனார். பக்கத்தில் ரேஸ் சார். மூன்றாவது கியர், பிரேக், கிளட்ச், இரண்டாவது கியர் எல்லாம் சரியாக வந்தன. குதிகால் தட்டும் நேரத்தில் முழுக்காலும் சேர்ந்து இறங்கிவிட்டது. இன்ஜின் அலறியது, பிரேக் கடித்தது, கார் மூக்கைத் தரையில் தேய்ப்பது போல நின்றது. ரேஸ் சாருடைய மூக்குக்கண்ணாடி அவருக்கு முன்னால் போய் முன்கண்ணாடியில் மோதியது.

“சார்... முக்காலையும் காலையும் கூட்டிட்டீங்க” என்றார் அவர், கழுத்தைத் தடவிக்கொண்டே.

“குதிகால்னு சொன்னீங்கல்ல, அதான் வண்டி குதிச்சிடுச்சு.”

அதற்கப்புறம் ரேஸ் சார் வெளியே நின்றே சொல்லிக்கொடுத்தார். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவுக்கு மிதியே புலப்படவில்லை என்று மேனேஜர் ஒரு பழைய கேன்வாஸ் ஷூவுக்கு மாறினார். தினமும் விடியலில் போனார், குதித்தார், வந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு ஒரே காலில் ஆறும் சேறும்.

ஒரு நாள் அது வந்தது. முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடி இருந்தது. குதிகால் சாய்ந்து ஒரே ஒரு தட்டு. இன்ஜின் ‘உம்’ என்று ஒரு குரல் கொடுத்தது. கியர் வெண்ணெயில் கத்தியாக இறங்கியது. கிளட்சை விட்டார். ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் விசேஷம். மேனேஜர் காரை நிறுத்திவிட்டு ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

“நாளைக்கு இறக்கத்துல நீ மை தீட்டு. ஒரு நூல் கோணினாலும் காரை வித்துடறேன்.”

“கோணலன்னா?”

“விக்கறதைப் பத்தி நீ பேசவே கூடாது.”

“சரி. ஆனா அப்படி நீங்க ஜெயிச்சா, நான் சொல்ற காரியம் ஒண்ணு செய்யணும்.”

“ஒண்ணென்ன, ஒம்போது செய்யறேன்!”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வரலாம் என்றாள் மனைவி. ரோட்டில் கூட்டமே இல்லை. முதல் வளைவில் மைக்குச்சி இடது கண்ணைத் தொட்டது. மேனேஜரின் குதிகால் சாய்ந்தது. ‘உம்’. இரண்டாவது வளைவு. ‘உம்’. குச்சி இமையோரமாக எறும்பு போல ஊர்ந்தது. கடைசி வளைவு ரொம்பக் குறுகல். எதிரே ஒரு லாரி வேறு. மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிரேக், கிளட்ச், தட்டு. கார் பல்லக்கு போலத் திரும்பியது.

மனைவி கண்ணாடியில் இரண்டு கண்ணையும் பார்த்தாள். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கோடு.

“ரொம்ப நல்லா ஓட்டுறீங்க” என்றாள்.

இந்த வார்த்தையை அவர் அவள் வாயால் கேட்டதே இல்லை. காது சூடாகிவிட்டது. அந்த மயக்கத்திலேயே காரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். அங்கே மூன்று பேர் தோளில் துண்டோடு காத்திருந்தார்கள். மூவருக்கும் கழுத்தில் பட்டை.

“யாரும்மா இவங்க?”

“என் பேஷண்ட்ஸ். ஊருக்கு அந்தப் பக்கம் மேட்டுல வெந்நீர் நீச்சல்குளம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை அங்க தண்ணிக்குள்ள பயிற்சி. டாக்ஸில அனுப்பினா குலுங்கிக் குலுங்கி வியாதியோட திரும்பி வர்றாங்க. இனிமே நீங்க கூட்டிட்டுப் போங்க.”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தாம்மா நான் தூங்கறேன்!”

“ஒம்போது காரியம் செய்யறேன்னீங்க. இது ஒண்ணுதான் கேட்டிருக்கேன். இன்னும் எட்டு இருக்கு.”

மூவரில் ஒருவர் பட்டைக்கு மேலே முகத்தை மறைக்கப் பார்த்தார். ரேஸ் சார்.

“நீங்களா? உங்களுக்கு எப்போ கழுத்து?”

“மைதானத்துல சார். அந்த முதல் நாள்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. அந்தக் குதிகால் வித்தையை உங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னதே உங்க வீட்டு டாக்டரம்மாதான். தான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்களாம்.”

மேனேஜர் மனைவியைப் பார்த்தார். மை தீட்டிய கண் இரண்டும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

“ஆட்டோமேட்டிக்?”

“அது எதுக்குங்க? இந்த வண்டியே போதும்.”

அந்த ஞாயிறு போனார். அடுத்த ஞாயிறும் போனார். மூன்றாம் முறை அவருக்குப் புத்தி வந்தது. நன்றாக ஓட்டினால்தானே கூப்பிடுவார்கள்? திரும்பி வரும்போது பழையபடி ஓட்டினால்? ஒரே நாளில் அத்தனை பேரும் டாக்ஸிக்கு ஓடிவிட மாட்டார்களா?

முன் சீட்டில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் இருந்தார். ஆறு மாதமாக இடது பக்கம் கழுத்தைத் திருப்பவே முடியாதவர். அடுத்த வளைவில் மேனேஜர் குதிகாலைச் சாய்க்காமல் கியரை இறக்கிக் கிளட்சை அப்படியே விட்டார். கார் உலுக்கியது. ‘கடக்’ என்று ஒரு சத்தம். காரில் இல்லை, அந்த அம்மாளின் கழுத்தில்.

மேனேஜர் காரை ஓரங்கட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் மெல்ல இடது பக்கம் திரும்பினார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“அட, ரோட்டுக்கு இந்தப் பக்கமும் வீடு இருக்கே!” என்றார்.

பின் சீட்டில் ரேஸ் சார் கழுத்தை வாகாக நீட்டி வைத்துக்கொண்டு, “சார், அடுத்த வளைவு எனக்கு” என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்க இதே பேச்சு. மனைவி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளின் கழுத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவர் பக்கத்தில் அன்பாக உட்கார்ந்தாள்.

“என்னங்க, இனிமே போகும்போது குலுங்காம கூட்டிட்டுப் போங்க. வரும்போது பழையபடி ஓட்டிட்டு வாங்க. சனிக்கிழமைக்கும் ஆள் சேர்ந்துட்டாங்க.”