முழங்காலை மடக்கியதால் வந்த வெள்ளம்

கேமராவைக் கண்டால் மனிதனுக்குப் புத்தி மாறிவிடும். கல்யாணப் பந்தியில் அதுவரை வழித்து வழித்துச் சாப்பிட்டவர்கூட, வீடியோக்காரர் வந்ததும் விரல் நுனியால் சோற்றைத் தொட ஆரம்பிப்பார். எனக்குப் புத்தி மட்டும் மாறவில்லை, உயரமும் மாறியது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் மாடுகளும் வைத்துப் பிழைக்கிறவன் நான். அதைவிடச் சிரத்தையாகச் செய்கிற வேலை செய்தி பார்ப்பது. கேரள எல்லையில் இருப்பதில் இது ஒரு வசதி. மலையாளச் செய்தி முடிந்தால் தமிழ்ச் செய்தி. இரண்டிலும் சண்டை நடக்கும், நானும் கூடச் சேர்ந்து கத்துவேன். (அவர்களுக்குக் கேட்காது என்று என் மனைவி ராதாமணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.)

இந்தப் பழக்கத்தால் என் ஒரே தங்கையை இழந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட சுமதி, தன் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்று பார்த்து ஓட்டு எண்ணிக்கை. இந்த ஒரு சுற்று முடியட்டும், இந்த ஒரு சுற்று முடியட்டும் என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டு, சீர்த்தட்டோடு போய் இறங்கியபோது, பையன் காதில் கம்மலோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். நல்ல நேரம் தவறிவிடுமே என்று எங்கள் சித்தப்பா மகன் மடி கொடுத்திருந்தான். சுமதி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்தக் கட்சிங்ணா ஜெயிச்சுது?”

அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. அவளுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்த சேதிகூட எனக்கு ஊர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம் ஓர் ஆடி மாதம். எங்கள் பாலக்காடு ஜில்லாவுக்கு ரெட் அலர்ட். டிவி வரைபடத்தில் ஜில்லாவே ரத்தச் சிவப்பு. ஆனால் மழை எங்கள் கிழக்குப் பக்கம் வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். அன்றும் எங்கள் வாசலில் துணி மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் ஃபுட்வால்வில் பாசி அடைத்துக்கொண்டதால், தோப்புக் குட்டையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ரோட்டில் ஒரு சேனல் கார் நின்றது. காலையிலிருந்து வெள்ளத்தைத் தேடித் தேடிக் கிடைக்காமல் முகம் வாடிய நிருபர் ஒருவர் ஓடி வந்தார்.

“சேட்டா, அவிடெத்தன்னே நிக்கணே!”

அங்கேயே நின்றேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போக முடியுமா என்று கெஞ்சினார். போனேன். குட்டை ஒத்துழைக்கவில்லை, எங்கே போனாலும் இடுப்பளவுதான். தினமும் பார்க்கிற சேனல்காரர் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்கிறார், இல்லை என்று சொல்ல மனசு வருமா? முழங்காலை மடக்கினேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்த செல்போனும் என்னோடு முழுகியது.

வீடு என்ன ஆயிற்று என்று கேட்டார். வெள்ளத்தில் நிற்பவர்கள் டிவியில் எப்படித் தலையாட்டுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கண்ணை மூடி, மெதுவாக, இடமும் வலமும் ஆட்டினேன். நிருபரும் என்னோடு சேர்ந்து தலையை ஆட்டினார்.

மிச்சப் பாசியையும் சுரண்டி முடித்து மெதுவாக வீட்டுக்குப் போனால், ராதாமணி ஸ்டூல் மேல் ஏறி மிக்ஸியைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, வெள்ளம் வருதாமா. டிவில காட்றான்.”

“எங்க வருது?”

“நம்ம குட்டைலதானுங்க. நீங்கதான் நிக்கறீங்க!”

திரும்பிப் பார்த்தேன். டிவியில் திரும்பத் திரும்பக் கழுத்தளவுத் தண்ணீரில் நான். கீழே, ‘சகலமும் இழந்த விவசாயி’ என்று மலையாளத்தில் ஓடியது. பின்னணியில் சோக இசை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வாசலில் கோழி புழுதியைக் கிளறிக்கொண்டிருக்க, நான் அரிசி மூட்டையைப் பரணுக்குத் தூக்கிக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒருத்தருக்கும் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

ராதாமணியின் போன் அடித்தது. தங்கை வீட்டுக்காரர்.

“டிவில பாத்தமுங்க, மச்சானுக்கு என்னங்க ஆச்சு? அவரு போனு போகவே மாட்டீங்குது. சுமதி அழுதுட்டே இருக்கறா. அரிசி, போர்வை எல்லாம் வேன்ல போட்டுட்டு வந்துட்டிருக்கறோமுங்க. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியாச்சு.”

உண்மையைச் சொல்ல ராதாமணி வாயைத் திறந்தாள். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

“சொல்லீராத. திரும்பிப் போயிருவா.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் தங்கை என் வீட்டுக்கு வருகிறாள். வெள்ளம் இல்லை என்று தெரிந்தால், டிவிக்காக மறுபடியும் தன்னை ஏமாற்றிவிட்டேன் என்று அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவாள். இந்தத் தடவை போனால் போனதுதான். எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. மோட்டாரைப் போட்டு, ரப்பர் ஓஸை இழுத்து வந்து, வாசலில் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தேன். (அடைப்பு எடுத்த மோட்டார் அன்றைக்கென்று யானை பலத்தோடு ஓடியது.) கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. “உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சுங்களா?” என்று ராதாமணி ஸ்டூல் மேலிருந்தே கேட்டாள்.

கணுக்கால் நனைகிற அளவுக்குக்கூட வெள்ளம் சேரவில்லை, வேன் வந்து நின்றது. தலைமுடி கலைந்து, அழுது வீங்கிய முகத்தோடு சுமதி குதித்து ஓடி வந்தாள். வீட்டைப் பார்த்தாள். காய்ந்த கூரையைப் பார்த்தாள். கடைசியில் என் கையிலிருந்த ஓஸைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, வெள்ளத்த நீங்களே உட்டுட்டிருக்கறீங்களா?”

“இல்ல அம்மணி... நீ திரும்பிப் போயிருவீன்னு...”

சுமதி ஓஸைப் பிடுங்கினாள். தலையிலிருந்து கால்வரை என்னை நனைத்தாள். நானும் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு ஓஸைக் கீழே போட்டுவிட்டு, ஈர வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது.

“மூணு வருசம் பேசாம இருந்துட்டனேன்னு வழி நெடுக அழுதுட்டு வந்தனுங்ணா. நீங்க நல்லா இருந்தாச் சரி.”

நிவாரண அரிசியை அன்றே பொங்கினோம். மேட்டிலிருந்து மாடுகளோடு திரும்பிய பக்கத்துத் தோட்டத்துக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவே, நான் அதுவரை பார்த்தே இராத அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி சுமதி என் மடியில் வைத்தாள்.

“இவளுக்கு இன்னும் காது குத்தலீங்ணா.”

அந்தக் காதுகுத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்தேன். சுமதி எனக்காக டிவியைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள். எங்களுக்காக வேனில் கொண்டுவந்தாளே, அதே போர்வை.

பொய்ச் செய்தியைக் கண்டால் இப்போது எனக்கு ஆகாது. போனில் வருகிற எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. ஆனாலும் அந்த நிருபர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என் தங்கையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்த மகராசன் அவர்.

அந்தச் சின்னப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னைப் ‘பிரளய மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள். லீவுக்கு வந்தால், சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது பார்த்து, கம்மல் ஆடக் கேட்பாள்: “மாமா, அன்னைக்குத் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுங்க?”

நான் எழுந்து, எல்லாரும் பார்க்க, முழங்காலை மடக்கிக் காட்டுவேன்.