ஆல்டர் அண்ணன் கிட்டாரைச் சிறிதாக்கிய கதை

ஜூலை 12, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, பால் விடாத பிளேன்டி குடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பொங்கோ மேளத்தை உறையிலிட்டு, அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு இறங்கினேன். கலகெதரவில் ஒரு பகல் கல்யாணம். எங்கள் நான்கு பேர் இசைக்குழுவுக்கு வாசிப்பு.

குழுவின் கிட்டார்காரர் ஆல்டர் அண்ணன். உலகத்தில் ஆல்டர் பண்ண முடியாத பொருளே இல்லை என்று நம்பிய ஒரே தையற்காரர் அவர்தான். குடை பெரிதாக இருக்கிறதென்று அதன் ஓரத்தை மடித்துத் தைத்தவர். தோள் நனைந்தபோது, மழை சாய்வாகப் பெய்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சில மாதங்களாக அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி இறுகிவிட்டன. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டுகளான ஃபிரெட்டுகளுக்குத் தலைப்பக்கத்தில்தான் இடைவெளி அதிகம். சுண்டுவிரல் அங்கே எட்டவில்லை. சுரம் பிசகப் பிசக, குழுத் தலைவர் ரவி முகம் சுளிக்கத் தொடங்கினார். அண்ணனுக்கு வாரம் முழுக்கத் தையல், சனிக்கிழமை இந்தக் குழு. வேறொன்றும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து யாரோ அவரிடம் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்கள்: கம்பி நீளம் குறைந்த கிட்டாரில் ஃபிரெட்டுகள் நெருங்கியிருக்கும், கம்பியும் விரலுக்கு இளகலாயிருக்கும். உடனே கடை இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைப் பெயர்த்து, ஓர் அங்குலம் கழுத்துப் பக்கமாக நகர்த்தி ஒட்டிவிட்டார்.

"காற்சட்டை நீளம்னா கீழதானே வெட்டுறோம்?" என்றார் என்னிடம்.

"ஃபிரெட்டு பழைய எடத்துலயேதானே இருக்கு அண்ணே?"

"கம்பியத் தொட்டுப் பாருங்க. பஞ்சு மாதிரி."

பஞ்சாகத்தான் இருந்தது. ஆனால் இடைவெளி ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. பழைய நீளத்துக்குப் பதித்த ஃபிரெட்டுகளில் குறுகிய கம்பியை அழுத்தினால், விரல் பிரிட்ஜ் பக்கம் மேலே ஏற ஏறச் சுருதி கூடிவிடும் என்றேன். முதலில் போட்டுப் பார்ப்போம் என்றார், காற்சட்டைக்குச் சொல்வதுபோலவே.

கல்யாண மண்டபத்தில், அழுத்தாத கம்பிகள் அழகாக ஒலித்தன. விரல் மேலே ஏறியதும் கிட்டார் ஒரு பாட்டிலும் நாங்கள் இன்னொரு பாட்டிலும் இருந்தோம். கீபோர்ட்காரர் சுருதியைத் துரத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமா ஜெனரேட்டரில்தான் ஏதோ கோளாறு என்று எழுந்து போனார். அண்ணன் மட்டும் கண்ணை மூடி, வியர்த்து, கடைசிவரை வாசித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, குழுவின் வேன் அருகில் ரவி சொன்னார்: "அண்ணே, அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆள் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அண்ணன் கிட்டாரைப் பையிலிட்டு ஜிப்பை மெதுவாக இழுத்தார்.

"அளவு பிழைச்சா உடுப்ப எங்கிட்ட கொண்டு வருவாங்க தம்பி. என்னைய எங்க கொண்டு போறது?"

எல்லோரும் வேனில் ஏறினோம். கண்டிவரை கிட்டார் அவர் மடியிலேயே இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக ரவிக்குப் போன் எடுத்து, பொங்கோவுக்கும் வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.