ஞாயிற்றுக்கிழமைக் கொக்குகள்

அப்பாவுவின் வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. நாலு லாரி டியூப்பைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மேலே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்று புளிசாதத் தூக்கோடு. நாலாவது தடவையாக இறங்கித் தள்ளினான்.

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் இருந்த அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடுவது அவன் வேலை. பாசனத்தில் மிஞ்சியது வேம்புலியம்மாளின் அரைக் காணி மட்டும்; மற்றதில் மனைக்கல் நட்டாயிற்று. அறுப்புக்கு ஒருமுறை அவள் அளக்கும் நெல்லில் வயிறு நிறையாது. அதனால் எண்பத்தெட்டில், ஞாயிறுதோறும் கொக்கு காட்டத் தொடங்கினான். ராணுவத் தொழிற்சாலை மனோகரன் பைனாகுலரோடு ஆள் கூட்டிவருவார். சாயங்காலம் ஏரி நடுவிலுள்ள கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் வந்து அடையும்.

"தண்ணி வத்துனா யாரும் வரமாட்டாங்க அப்பாவு. மதகை மூடி வைங்க," என்றார் மனோகரன்.

மூடினான். செவ்வாய்க்கிழமைதோறும் வேம்புலியம்மாளின் தண்ணீர் முறை. நவரைப் பட்டத்து நெற்பயிருக்குத் தண்ணீர் கேட்டு வந்தாள். அடுத்த வாரம் விடுவதாகச் சொன்னான்.

"பயிரு உன்ன மாரி ஞாயித்துக்கெயமைக்கி மட்டும் வாய தொறக்காதுடா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெப்பம் நன்றாக மிதந்தது. ஆனால் கொக்கு குறைந்தது. மனோகரன் சொன்னபடி பொரி தூவினான். பூந்தமல்லியிலிருந்து வேன் பிடித்து வந்த பதினெட்டுப் பேர் காக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் போதவில்லை போலும் என்று, சொட்டுக்கூடக் கசியாமல் மதகில் கோணி அடைத்தான். அடுத்த செவ்வாயும் போயிற்று, அதற்கடுத்ததும்.

மாசிக் கடைசியில் தண்ணீர் இருந்தது; ஒரு சிறகு இல்லை. மனோகரன் பைனாகுலரில் வெகுநேரம் தேடி, "அதோ, கறுப்பா, பெருசா," என்றார். எருமை. வேன் திரும்பிப் போனது.

அப்பாவு மதகடியில் உட்கார்ந்தான். வேலைக்கு வந்த நாள் முதல் தலைக்குமேல் பறந்தவை. கூலியில்லாமல் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது நிமிர்ந்தால் வெறும் வானம்.

வேம்புலியம்மாள் காய்ந்த பயிர் ஒரு பிடியோடு வந்து நின்றாள்.

"எங்கதான் பூட்ச்சுங்கன்னு தெரியல எக்கா," என்றான்.

"பகல்பூரா எங் கயனி சேத்துல நத்த தின்னுட்டு, தூங்கத்தான்டா ஏரிக்கு வந்துச்சுங்க. கயனி வெடிச்சிக் கெடக்குது," என்றாள் அவள். "எனக்கு மூணு முறை தண்ணி பாக்கி கீது."