பனிவண்டி திரும்பும் இடம்

பனிவண்டி இன்றைக்கும் பாதியிலேயே திரும்பிவிட்டது.

வாசலில் அடுக்கியிருந்த விறகுக் குவியலின் உச்சியில் ஏறி நின்று யெஃபிம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ரோட்டுப் பனியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு ஜோராகத்தான் வந்தது. 'ஸரேச்சி வட்டம் உங்களை வழியனுப்புகிறது' என்று எழுதிய எல்லைப் பலகை வந்ததும் நின்றது. உறுமியது. முன்னே போய், பின்னே வந்து, வளைந்து, வந்த வழியே கிளம்பியது. யெஃபிம் இரண்டு கைகளையும் ஆட்டினான். ஓட்டுநர் கோர்தேயும் பதிலுக்குச் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போனார்.

பலகையிலிருந்து கோச்கி கிராமத்து யெஃபிம் வீடு வரைக்கும் இடுப்பளவு பனி அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை ரிம்மா வருகிறாள். டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். "கல்யாணம் பண்ணிக்கிறேன். கோச்கிக்கே வந்துடறேன். ஆனா வாசல் வரைக்கும் ரோடு வேணும். யாருக்காவது பிரசவ வலி எடுத்தா நான் நீச்சல் அடிச்சா போக முடியும்?"

"பனிவண்டி வாசலுக்கே வரும்," என்று அடித்துச் சொல்லியிருந்தான் யெஃபிம். அதை நம்பித்தான் இலையுதிர் காலத்தில் கோச்கியில் வீடு வாங்கினான். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று, ஐந்து வீட்டு ஊரில் எவரிடமும் இல்லாத அளவுக்கு விறகும் அடுக்கினான்.

"போன வருஷம் வண்டி இங்க வரைக்கும் வந்துச்சுப்பா," என்றார் பக்கத்து வீட்டு சவேலி. "நீ குடிவந்த சமயத்துலதான் அந்தப் பலகையை நட்டாங்க. அதோட சரி."

உண்மையான எல்லை ஆறுதான். யெஃபிம் வீட்டையும் தாண்டி ஓடுகிறது. ஆனால் பலகை நட வந்த கான்ட்ராக்டருக்கு ஆற்றங்கரைச் சேறு பிடிக்கவில்லை. முன்னாலேயே தோதான இடம் பார்த்து, லாரி லாரியாகச் சரளை கொட்டிச் சமப்படுத்தி, பலகையை அங்கேயே நட்டுவிட்டுப் போய்விட்டார்.

யெஃபிம் ஊராட்சி ஆபீசில் கிளார்க். பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தலைவி நினெல் பாவ்லோவ்னா முன்னால் நின்றான்.

"மனு எழுது," என்றாள் அவள். "நான் வட்டத்துக்கு அனுப்புறேன். வட்டம் மாகாணத்துக்கு அனுப்பும். மாகாணம் நம்மகிட்டயே கருத்து கேக்கும். இங்க கிளார்க் நீதானே, நீயே கருத்து எழுதிடு."

"எப்ப முடியும், நினெல் பாவ்லோவ்னா?"

"பனி உருகினதும்."

வேறு வழி இல்லை. பலகையை ஆற்றங்கரைக்கு நகர்த்த, ஒரு ஜாடி காளான் ஊறுகாய்க்கு சவேலி டிராக்டரைக் கிளப்பினார்.

"பேசாம கோர்தேய்கிட்டயே கேட்டுட்டா என்ன, அண்ணே?" என்றான் யெஃபிம்.

"அவரு என்ன பண்ணுவாரு பாவம். பலகை நில்லுன்னா நிக்கணும். சட்டம்."

பட்டப்பகலில் பலகையைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய் ஆற்றுப் பாலத்தருகே நட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு கோச்கியில் ஆள் ஏது?

மறுநாள் பனிவண்டி வந்தது. பழைய இடத்திலேயே நின்றது. திரும்பிவிட்டது.

"பழக்கதோஷம்," என்றார் சவேலி. "ரெண்டு நாள் போனா சரியாயிடும்."

அதற்குள் வேறொன்று கெட்டுப்போனது. பாலத்தைத் தாண்டி, பக்கத்து வட்டத்திலிருந்து சக்கரச் சங்கிலி மாட்டிய ரொட்டி வேன் வரும். அன்றைக்கு அது பாலத்திலேயே நின்றது. வேன்காரி ஸோயா கண்ணாடியை இறக்கினாள்.

"இது உங்க வட்டமா? என் லைசென்ஸ் எங்க வட்டத்துக்குத்தான் செல்லும். பலகை அங்கிட்டு இருந்தவரைக்கும் நீங்க எங்க ஆளுங்கன்னுல்ல நெனச்சேன்."

"எங்க ஆளாவே நெனச்சுக்கங்க அக்கா. ரொட்டியைக் குடுங்க."

"பலகையைத் தாண்டுனா எனக்கு அபராதம்ப்பா," என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஐந்து வீட்டிலும் ரொட்டி இல்லை. சவேலியின் மனைவி யெஃபிமின் விறகுக் குவியலுக்குக் கீழே வந்து நின்று, அவன் பரம்பரையை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

சரி, பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று பலகையை மறுபடி டிராக்டரில் கட்டினார்கள். சரிவில் கயிறு அறுந்தது. பலகை சறுக்கிக்கொண்டே போய், உறைந்த ஆற்றின் நடுவே, பனிக்குவியல் ஒன்றில் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. பனிக்கட்டியின் மேல் டிராக்டரை இறக்க சவேலி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நினெல் பாவ்லோவ்னா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வட்டத் தலைவர் பலகை முன்னாடி போட்டோ எடுக்க வர்றாரு. பலகையைக் காணோம்ங்கறாங்க. எங்கப்பா அது?"

"ஆத்துல இருக்கு."

"ஆத்துலன்னா?"

"நடுவுல. மீன் பிடிக்கிறவங்க காத்துக்கு மறைப்பா வெச்சு உக்காந்திருக்காங்க."

"எந்த வட்டத்து ஆளுங்க?"

"ரெண்டு வட்டமும்தான். கலந்து உக்காந்திருக்காங்க."

"திங்கக்கிழமை ஆபீஸுக்கு வா. வேலையில இருக்கணுமா வேணாமான்னு பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பலகை போய்விட்டது, ரொட்டி போய்விட்டது, வேலையும் ஊசலாடியது. ரோடாவது வருமா என்று யெஃபிம் குவியல்மேல் ஏறிப் பார்த்தான். பனிவண்டி வந்தது. நேற்றுவரை நின்ற அதே இடத்தில் நின்றது. திரும்பியது.

ஆனால் இந்த முறை கதவு திறந்தது. ரிம்மா குதித்தாள். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோர்தேயும் இறங்கினார். இரண்டு பேரும் இடுப்பளவு பனியில் துழாவிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

"பஸ் வழியில மாட்டிக்கிச்சு. இந்த மாமாதான் ஏத்திக்கிட்டு வந்தாரு," என்றாள் ரிம்மா, பூட்ஸுக்குள்ளிருந்து பனியைக் கொட்டியபடி. "நீச்சல்தான்னு முன்னாடியே சொல்லியிருந்தா தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு வந்திருப்பேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அடேயப்பா, இது யாரு வேலை?"

"நான்தான். ஒத்தை ஆளா அடுக்கினது," என்றான் யெஃபிம் நெஞ்சை நிமிர்த்தி.

"கோட்டைச் சுவர் மாதிரி இருக்கு. இவ்ளோ அக்கறையா ஒருத்தன் எனக்கு எதுவும் செஞ்சதில்ல." அவள் குரல் ஒரு நொடி இளகியது. உடனே கறாரானது. "ஆனா ரோடு எங்க யெஃபிம்? ரோடு இல்லாட்டி நான் இதே வண்டியில திரும்பிடுவேன்."

யெஃபிமுக்குப் பொறுக்கவில்லை. கோர்தேய் பக்கம் திரும்பினான். "மாமா, உங்களுக்காகத்தான் அந்தப் பலகையை ஆறு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனோம். சோறு போடற வேலையே போகப்போகுது. இன்னும் ஏன் அங்கயே திரும்புறீங்க?"

"பலகையா?" கோர்தேய் பெட்டியைக் கீழே வைத்தார். "எந்தப் பலகை?"

யெஃபிம் ஆற்றுப் பக்கம் கையை நீட்டிக் காட்டினான்.

"தம்பி, அவ்ளோ நீள வண்டியைத் திருப்ப அகலமா இடம் வேணும். அங்க யாரோ சரளை கொட்டிவெச்சிருக்காங்க, அதுல திருப்புறேன்," என்றார் கோர்தேய், கையுறையால் குவியலைத் தட்டியபடி. "போன வருஷம் வரைக்கும் இதோ, நீ விறகு அடுக்கியிருக்கியே, இங்கதான் திருப்பிக்கிட்டிருந்தேன்."