நீ போட்டுவிட்ட ஆன்டிவைரஸ் உன் அக்காவின் ஆய்வேட்டை விழுங்கிய விவரம்

திருமங்கலம்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மாப்ள சுடலைக்கு,

மச்சான் பீமாராவ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா தங்கப்பொண்ணுவும் உடம்பால் நலம். மனதால் நேற்று மாலை நாலு மணியிலிருந்துதான் நலம். அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய். பதினோரு தடவை அடித்தும் போனை எடுக்காதவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது? போனில் சொன்னால் ‘சரி மச்சான், சரி மச்சான்’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

உன் அக்கா பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு எழுதியது உனக்குத் தெரியும். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்கள் பேசும் சொற்கள், ஆயிரத்து நூற்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சூளை சூளையாகப் போய்ச் சேர்த்தது. கூடுதலாகக் கொடுத்த ஆறு மாதமும் முடிந்து, நேற்று வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிதான் கடைசி. அவளுக்கோ டி. கல்லுப்பட்டிப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு மேற்பார்வை. இரண்டு மணிக்கு மேல்தான் கிளம்ப அனுமதி. ஆகவே நான் லீவு போட்டுவிட்டு, நாலு பிரதி அச்செடுத்து, பைண்டிங் போட்டு, மூன்றரைக்குப் பல்கலைக்கழக வாசலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. போகும்போது, “பென்டிரைவுல ஏத்தி கடையில குடுங்க. வேற எதையும் தொட்ராதீங்க” என்றாள். நானும் வேறு எதையும் தொடவில்லை மாப்ள. பத்தேகாலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். நீ போன மாதம் வந்து, “அக்கா கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பே இல்ல மச்சான்” என்று போட்டுவிட்டுப் போனாயே, அந்த ஆன்டிவைரஸ் சிவப்புக் கட்டம் ஒன்றைக் காட்டியது. இங்கிலீஷில் ஏதோ ஆபத்து என்று இருந்தது. கீழே பச்சையில் ஒரு பொத்தான். பச்சை என்றால் நல்லதுதானே என்று அமுக்கினேன். கட்டம் போய்விட்டது. கூடவே ஆய்வேடும் போய்விட்டது.

பழைய பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தது நினைவுக்கு வந்து, அதைச் செருகினேன். கோப்பின் பெயர் தெரிந்தது, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதுவும் கண் முன்னாலேயே மறைந்தது. அந்த நேரம் பார்த்து உன் அக்கா பள்ளியிலிருந்து போன். “பிரின்ட் போட்டாச்சா?” “போட்டுக்கிட்டே இருக்கேன்.” “எத்தனை பக்கம் வந்துருக்கு?” “அது... பாதி.” “கடையில சத்தமே கேக்கலயே?” “புது மிஷினு, சத்தம் வராது.” கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய் அது என்று எழுதினால் நீ சிரிப்பாய், விட்டுவிடு. உனக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். உன் ஆபீசுக்கே அடித்தேன். மீட்டிங்கில் இருப்பதாக ஒரு பெண் சொன்னது. இங்கே ஏழு வருடம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே உனக்கு மீட்டிங்.

கடைசியில் கப்பலூரில் என்னோடு வேலை பார்க்கும் அழகுமலையைக் கூப்பிட்டேன். எங்கள் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாப்பாட்டு இடைவேளையில் பன்னிரண்டரைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அண்ணே, அழியலண்ணே. குவாரன்டைன்ல வச்சிருக்கு” என்றார். “அப்படின்னா?” “கொரோனாவுல தெருவுல தகரம் அடிச்சு வச்சாங்கள்ல, அது மாதிரி. உசுரோடதான் இருக்கு, வெளிய விடாது.” எனக்குப் போன உயிர் வந்தது. “பழைய ஃபான்டுல அடிச்ச எழுத்தை மாத்துறதுக்கு அக்கா இதுக்குள்ள ஒரு சின்ன புரோகிராம் வச்சிருக்காங்க. அதைப் பார்த்துட்டு வைரஸ்னு தப்பா நினைச்சிருச்சு” என்று விளக்கமும் சொன்னார். பிறகு ஒரு பொத்தானை அமுக்கிக் கோப்பை வெளியே விட்டார். விட்ட மறு நொடியே உன் ஆன்டிவைரஸ் அதைத் திரும்பவும் பிடித்து உள்ளே போட்டது. இப்படி மூன்று தடவை. “இந்தக் கோப்பைத் தொடாதேன்னு செட்டிங்ஸ்ல சொல்லணும்ணே. அதுக்குப் பாஸ்வேர்டு கேக்குது. யாரு வச்சது?” யார் வைத்தது? நீ! உன் பிள்ளைகள் பெயரைப் போட்டோம், பிறந்த தேதியைப் போட்டோம், உன் பைக் நம்பரைக்கூடப் போட்டோம். “இன்னும் ஒரே ஒரு தடவைதாண்ணே. தப்பாப் போட்டா பூட்டிக்கிரும்” என்று அழகுமலை கையை எடுத்துவிட்டார். மணி ஒன்றே முக்கால்.

வேறு வழியில்லாமல் உன் அக்காவைக் கூப்பிட்டு அம்புட்டையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “மெயிலுல இருக்குமா?” என்று நானாகக் கேட்டேன். “அதுல இருக்கது பழசு. கைடு சொன்ன திருத்தம் பூரா இதுல மட்டும்தான் இருக்கு” என்றாள். பின்னால் தேர்வு மணி அடிப்பது கேட்டது. அப்புறம், “அம்மா பேரப் போட்டுப் பாருங்க. கூடவே அது செத்த வருசம். அவன் வேற எதை வைப்பான்” என்றாள். அழகுமலை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பேச்சி, இரண்டாயிரத்து இருபத்தொன்று. திறந்துகொண்டது.

கோப்பு வெளியே வந்தது. இந்தத் தடவை தங்கியது. முழுசாக இருக்கிறதா என்று பார்க்க நடுவில் ஓர் இடத்தைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் நான் அதில் ஒரு வரி படித்ததில்லை மாப்ள. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. ‘பச்சைக்கல்: சுடாத செங்கல். “பச்சைக்கல்ல மழை தொட்டுருச்சுன்னா, அன்னைக்கு நாங்க ஒழைச்சது ஒழைப்பே இல்லை.” சொன்னவர் பேச்சியம்மா, வயது அறுபத்து மூன்று.’ அத்தை எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது. அழகுமலை, “அண்ணே, மணி ரெண்டு” என்று தோளைத் தட்டினார். கருத்தக்கண்ணன் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மிஷினிலும் அச்சடித்து, பசை காயாத பைண்டிங்கோடு பையில் வைத்து, நான் வண்டி ஓட்டிய வேகத்தை எழுத மாட்டேன். மூன்று ஐம்பதுக்கு வாசல். உன் அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு ஓடினாள். நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ரசீதோடு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, “எதைத்தான் அமுக்குனீங்க?” என்றாள். “பச்சை” என்றேன். அவ்வளவு நேரம் அழுதவள் சிரித்தாள்.

ஆகவே நான் சொல்ல வந்தது: உன் ஆன்டிவைரஸை இன்று காலையே எடுத்தெறிந்துவிட்டேன். நல்லவன் யார் கெட்டவன் யார் என்று தெரியாத காவல் எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. இனி எங்கள் கம்ப்யூட்டரில் நீ கை வைக்க வேண்டாம். பொங்கலுக்கு வா, சாப்பிடு, போ. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பீமாராவ்.

பி.கு.: கவர் வாங்கக் கிளம்பும்போது அழகுமலை போன் செய்தார். சந்தேகத்தில் இன்று ஃபேக்டரிக் கம்ப்யூட்டரைச் சோதித்தாராம். அதில் உள்ள அத்தனை கோப்பிலும் வைரஸ். நம் வீட்டுச் சிவப்புக் கட்டத்தில் இருந்த அதே பெயர். “அண்ணே, அது தப்பாப் பிடிக்கலண்ணே. நெசமாவே வைரஸ்தான்” என்றார். போன வாரம் ஷிப்ட் அட்டவணை எடுக்க அக்காவின் பென்டிரைவை அங்கே கொண்டுபோய்ச் செருகி, அப்படியே வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செருகியது நான்தான். எனவே மேலே உன்னைத் திட்டிய இடங்களில் எல்லாம் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். பொங்கல் வரை காத்திருக்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து அதைத் திரும்பப் போட்டுக் கொடு. உன் அக்காவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

தம்பி, கவர் ஒட்டினது நான்தான். படிச்சுட்டேன். ஞாயித்துக்கெழமை கட்டாயம் வா. மச்சானுக்குத் துணை வேணும்.
– அக்கா.