ஷூவுக்குள் கல்லுப்பு

காலை பத்தே முக்காலுக்கு என் அப்பா, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இல்லாத ஆட்களை வேலை வாங்க ஆரம்பித்தார். "மழை வருது, உப்புக் குவியலை மூடுங்கடா!" வெளியே பங்குனி வெயில். முந்தின நாள் செய்தி பார்த்து எல்லாக் கட்சியையும் ஒழுங்காகத் திட்டிவிட்டுத் தூங்கியவர், என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றார். 2005-ல் நடந்தது. இன்றும் வீட்டில் யாராவது திடீரென்று குரல் உயர்த்தினால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

அதைச் சொல்ல வந்தால் கல்லுப்பு டாக்டரைச் சொல்லாமல் முடியாது. மரக்காணத்து உப்பைச் சமையலுக்கு இல்லாமல் சித்திரவதைக்கென்றே வாங்கிய ஒரே மனிதர் அவர்.

எங்கள் உப்பளத்துக்கு அவ்வப்போது ஸ்கூட்டரில் வருவார். குவியலில் கையை விட்டு அளைந்து, "வழவழன்னு இருக்குதுப்பா. நல்லா குத்தற மாதிரி குடு" என்பார். ஊறுகாய் வியாபாரி என்று நினைத்திருந்தேன். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் என்பது, என் மகள் மலர் அங்கே பயிற்சி டாக்டராகச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

"அப்பா, அந்த ஆளு எங்க ஷூக்குள்ள கல்லுப்பைப் போட்டு வார்டைச் சுத்தச் சொல்றாருப்பா. காதுல பஞ்சு, கண்ணாடியில தேங்காண்ணெய். எண்பது வயசு இப்படித்தான் இருக்குமாம்!"

"உப்பு எங்க வாங்கறாராம்?"

"யாருக்குத் தெரியும்? வித்தவன் நாசமாப் போவணும்."

போனை வைத்துவிட்டேன்.

மலரோடு பயிற்சியில் இருந்த ஒரு பையனை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்து, மத்தியானம்வரை அவனிடம் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டாராம். முதிய நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று கேட்டால் "வயசாயிடுச்சு சார்" என்பவருக்கு, அன்று முழுக்க ஷூவில் உப்பு.

அந்தப் பங்குனிக் காலையில் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் என்னை மூன்று தடவை வேலையை விட்டு நீக்கிவிட்டார். மலர்தான் டியூட்டியில் இருந்தாள். பிரஷர் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா... தாத்தாவுக்கு வயசா..."

"யாரும்மா அது, வயசைச் சொல்றது?"

கல்லுப்பு டாக்டர். அவளைத் தாண்டிப் போய் அப்பாவிடம் குனிந்தார். "முதலாளி, குவியலை மூடிட்டோம். வேற?"

"ஓலை பத்தல."

"கொண்டாரச் சொல்லிட்டேன்."

அப்பா அமைதியானார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எப்பலேர்ந்து?"

"பத்தே முக்கால்லேர்ந்துங்க. நேத்து நல்லா இருந்தாருங்க."

"கேட்டியாம்மா? ஒரே நாள்ல யாருக்கும் வயசாவாது. புதுசா ஏதாச்சும் மாத்திரை?"

"சளிக்கு, மெடிக்கல்ல வாங்கினதுங்க."

"ஒண்ணுக்குப் போனாரா?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மலர் தாத்தாவின் அடிவயிற்றில் கை வைத்தாள். குடம் மாதிரி இருந்தது. சளி மாத்திரை சிறுநீரை அடைத்து, அந்த அவஸ்தை மூளையைக் குழப்பியிருக்கிறது. அவளே ட்யூப் போட்டாள். பை நிரம்ப நிரம்ப, அழுதாள்.

அதற்குப் பிறகும் கல்லுப்பு டாக்டர் நகரவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றிக் கட்டிலருகிலேயே நின்றார். அவரிடம் பேசப் பயந்து நாங்கள் தள்ளி நின்றோம்.

சாயங்காலம்தான் அப்பா எங்களிடம் வந்து சேர்ந்தார். என் பெயரைச் சொன்னார். டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், ஒரு சேர் போடுங்கடா. பாவம், வயசானவரு எவ்ளோ நேரம் நிப்பாரு?"