வலிக்காமல் கார்புரேட்டர் கழற்றுவது எப்படி?

"வலிச்சா கையைத் தூக்கு" என்றார் பல் டாக்டர்.

குட்டி நாலு சக்கர வண்டி கையைத் தூக்கவில்லை. பழக்க தோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயது இன்ஸ்பெக்டர் சிரிக்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் என்பது அவர் மனதுக்குள் வைத்த பெயர். மனைவியின் மகள். கல்யாணமான இந்த எட்டு மாதத்தில் அவருக்கு வீட்டுச் சாவி கிடைத்தது, சோபாவில் ஓர் ஓரம் கிடைத்தது. 'அப்பா' மட்டும் கிடைக்கவில்லை. கிட்ட இருந்தால் "இங்க பாருங்க". எட்ட இருந்தால் "ஹலோ". சாப்பிடக் கூப்பிடுவதென்றால் அம்மாவைத் தூது அனுப்புவாள்.

அப்படிப்பட்டவள் இன்று காலை தானாகவே வந்து, "என் வண்டி ஸ்டார்ட் ஆகல. கார்புரேட்டர்தான்" என்றாள். மனிதர் உடனே கிளினிக்குக்கு லீவு விட்டார். வண்டி ஓடிவிட்டால் அந்தச் சொல்லும் கூடவே ஓடி வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

"ரெண்டே நட்டு. பத்து நிமிஷ வேலை" என்றார்.

முதலில் பெட்ரோல் குழாயை உருவினார். குழாய்க்குள் பெட்ரோல் இருக்கும் என்பது பேன்ட் நனைந்த பிறகுதான் உறைத்தது. பதறிப்போய், பையிலிருந்த பஞ்சை எடுத்துத் திணித்தார்.

"அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணுமா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

பின்பக்க நட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபடியே ஸ்பானரைத் திருகினார். கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்பது வாய்க்குள் அவருக்கு அத்துப்படி. இஞ்சினுக்குள் மறந்துபோனது. கால் மணி நேரம் மூச்சைப் பிடித்து நட்டை இன்னும் இறுக்கி, மூலையெல்லாம் மழுங்கடித்துவிட்டார்.

இடம் வேண்டுமென்று சீட்டைக் கழற்றினார். பிறகு மட்கார்டை. வண்டி, குளிப்பாட்ட நிறுத்திய குழந்தை மாதிரி நின்றது.

கடைசியில் பல் பிடுங்கும் இடுக்கியால் ஒரு பிடி, ஒரு ஆட்டு. கார்புரேட்டர் கையோடு வந்தது! வந்த வேகத்தில் மேல்மூடி கழன்று, உள்ளிருந்த ஸ்பிரிங் துள்ளிக் குதித்துத் துணிக்கூடைக்குள் போய் விழுந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "துவைச்ச துணிங்க அது! பேசாம மெக்கானிக்கைக் கூப்பிட்டுடவா?"

"வேணாம்மா! அவங்களே பண்ணட்டும்" என்று கத்தினாள் மகள்.

தன் மானம் முழுசாகப் போகும்வரை இவள் விடமாட்டாள் என்று டாக்டருக்குப் புரிந்தது.

இருவரும் துணிகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். ஒரு போர்வைக்குள் அவர் சிக்கிக்கொண்டு தடுமாற, அவள் முதல் முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலையணை உறையிலிருந்து ஸ்பிரிங் விழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அதற்குள் மூடியைக் காணவில்லை. அதைத் தேடினார்கள். மூடி கிடைத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"என்னால முடியலம்மா" என்றார், கிரீஸ் கையோடு. "மெக்கானிக்குக்குப் போன் போடறேன்."

"நாளைக்கும் லீவு போட முடியாதா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

என்ன குத்தல் பேச்சு! தலையைக் குனிந்துகொண்டு எண்ணைத் தட்டினார்.

தெருமுனை மெக்கானிக் வந்தார். பத்தே நிமிடத்தில் புது நட்டுப் போட்டு எல்லாவற்றையும் மாட்டினார். கைப்பிடியில், இஞ்சினை அணைக்கும் சிவப்பு சுவிட்ச் 'ஆஃப்'பில் இருந்தது; அதை ஒரு தட்டுத் தட்டினார். வண்டி உறுமியது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் காலி. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் ஓடியிருந்தாள்.

"அப்ப கார்புரேட்டர்ல என்னதாங்க கோளாறு?" என்றார் டாக்டர்.

மெக்கானிக் நெளிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். பாப்பா நேத்து கடைக்கு வந்து, 'எங்கப்பா கழட்டி முடிக்க ஒரு நாள் முழுக்க ஆகணும், வண்டியில அப்படி என்னண்ணா இருக்கு'ன்னு கேட்டுச்சு. நான்தான் கார்புரேட்டர்னு சொன்னேன்."